கையேந்தி பவன்களை ஏன் சிபாரிசு செய்தேன்?

கேள்வி: வெளியூரிலிருந்து வரும் உறவினர்களைச் சென்னையில் எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்ட வாசகருக்கு, "மால் வேண்டாம், பாரிமுனைப் பக்கம் தெருத்தெருவாக நடக்கவிட்டுக் கையேந்தி பவன்களில் சாப்பிட வையுங்கள்" என்று சென்ற இதழில் பதில் சொல்லியிருந்தீர்கள். நடைபாதையை அடைத்துக்கொண்டு, சாக்கடை ஓரத்தில் விற்பதை ஒரு பத்திரிகை ஆசிரியர் சிபாரிசு செய்யலாமா? சிங்கப்பூர் மாதிரி எல்லாவற்றையும் அகற்றினால்தானே இது பெருநகரம் என்று சொல்லிக்கொள்ள முடியும்?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: செய்யலாம் ஐயா. இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

சிங்கப்பூரை நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே வருகிறேன். அங்கே தெருவோரச் சமையல்காரர்களை யாரும் ஒழித்துக்கட்டவில்லை. 1960களின் கடைசியில் அவர்களைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தார்கள். அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வசதி, கூரை எல்லாவற்றோடும் உணவுக் கூடங்களைக் கட்டி அங்கே குடியேற்றினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் சமையல்கள் அடுத்தடுத்து நிற்கும் அந்தக் கூடங்களின் பண்பாடு 2020-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சிங்கப்பூர் மாதிரி வேண்டுமானால் அதை முழுதாகக் கேளுங்கள்.

இனி நம் ஊர். சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி செகண்ட் லைன் பீச் பக்கம் போங்கள். அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைக்காரரின் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் பாத்திரத்தில் போடுவார். மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், மல்லித்தழை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு மணக்கும் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக விழும். பேஜோ என்னும் மொறுமொறு வறுவலை நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் விரல்களாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூடவே மிளகு தூக்கலாக, ஆவி பறக்கும் வாழைத்தண்டு சூப்.

இது எப்படி இங்கே வந்தது? 1962-ல் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த நே வின், கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். தலைமுறைகளாக ரங்கூனில் பிழைத்த தமிழர்கள் சேமிப்பைப் பறிகொடுத்துக் கப்பலேறினார்கள். இங்கே வந்து இறங்கியவர்களுக்கு முதல் போட்டு ஆரம்பிக்கக் காசு ஏது? ஓர் அடுப்பும் ஒரு பலகையும் போதும் என்பதால்தான் பலருக்குத் தெரு கைகொடுத்தது. மால் வாடகையில் இந்தச் சமையல் பிறந்திருக்கவே முடியாது.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சௌகார்பேட்டை. தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் கேட்டு வாங்குங்கள். ரொட்டிக்குப் பதில் நம் முறுக்கு, நடுவில் வெள்ளரியும் தக்காளியும் குஜராத்திக்காரர்களின் பச்சைச் சட்னியும். ரம்ஜான் மாதமென்றால் திருவல்லிக்கேணிக்கும் போய்விட்டு வாருங்கள். வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பரிமாறி வருகிறவர்கள், மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலின் தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்தவர் தொடங்கிய கோயில் அது. இதை நேரில் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊரைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சுத்தம் பற்றிய உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கண்ணெதிரே சூடாகச் செய்து தருவதை வாங்குங்கள், வெட்டித் திறந்து வைத்த பழத்தைத் தொடாதீர்கள், குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். அத்தோவில் பச்சைக் காய் சேரும். வயிறு தாங்காதவர்கள், அதையே அடுப்பில் வதக்கித் தரும் அத்தோ ஃப்ரை கேட்கலாம். ஆனால் ஒரு கடைக்காரர் ஒரே வாளித் தண்ணீரில் தட்டுகளை அலசுகிறார் என்றால், அந்தத் தெருவில் அவருக்குக் குழாய் இல்லை என்று பொருள். அந்தக் குறைக்கு அவரைத் துரத்துவது என்ன நியாயம்?

நடைபாதையில் நடக்க வழி வேண்டும் என்பதும் சரிதான். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் அளவுக்கு வழி விட்டுத்தான் கடை போட வேண்டும். நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தும் பைக்குகளையும் கார்களையும் அதே கோபத்தோடு கேட்டால் உங்களுடன் நானும் வருகிறேன்.

தெரு வியாபாரிகளுக்கென்று 2014-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இயல்பாக நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. பர்மா பஜார் அந்த வயதைத் தாண்டிவிட்டது. அந்த அறிவிப்பையும், அங்கே சில குடிநீர்க் குழாய்களையும், இரவில் குப்பை அள்ள ஒரு வண்டியையும் மாநகராட்சியிடம் கேட்டு எழுதுங்கள். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.