கடத்தைக் கேளுங்கள்

அன்புள்ள சார்,

கோவையில் வேலை பார்க்கிறேன், வயது 27. பள்ளி நாட்களிலிருந்து கிதார் வாசிக்கிறேன், கேட்டதெல்லாம் ராக், மெட்டல். 2024 டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் மறைந்தபோது எல்லாரும் அவர் தபலா வாசித்த, கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவைப் பற்றி எழுதினார்கள். அதைப் பார்த்து அவர்களுடைய ஆல்பங்களை ஒன்று விடாமல் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் கொண்டாடும் முதல் ஆல்பம் எனக்கு வெறும் வேகமாகத்தான் பட்டது. அந்த 29 நிமிடப் பாட்டை மூன்று முறை ஆரம்பித்தும் முடிக்க முடியவில்லை. கிராமி வாங்கிய ‘திஸ் மொமென்ட்’ இதைவிட எவ்வளவோ மேல். ஒலி சுத்தமாக இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அளவாக முடிகிறது. அப்பா கர்நாடக சங்கீதம் கேட்பவர். அவரிடம் போட்டுக் காட்டினால் “இது கச்சேரியும் இல்லை, ஜாஸும் இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உங்கள் தலைமுறை அந்த முதல் ஆல்பத்தைக் கொண்டாடுவது பழைய நினைவுகளால்தானா?

இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழாவுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று பணம் சேர்த்து வருகிறேன். நண்பர்கள் முதலில் சென்னை மார்கழி சீசனுக்குப் போ என்கிறார்கள். போன வருடம் ஒரே ஒரு கச்சேரிக்குப் போனேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதி அரங்கம் எழுந்து போனது, நானும் போய்விட்டேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் எதுவும் இல்லை. மூன்று முறை முயன்றும் ஒரு பாட்டை முடிக்க முடியவில்லை என்று எழுதுகிறவர் உண்மையில் கேட்டுத்தான் பார்த்திருக்கிறார். ஒரு தரம்கூடக் கேட்காமல் புகழ்கிறவர்களைவிட உங்களோடு பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் கேட்டவை தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் உங்கள் கடைசி வரிகளில் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போய்விட்டேன் என்கிறீர்களே, அங்கேதான்.

முதலில் அந்தப் பழைய நினைவு. ஆமாம், எனக்கும் இருக்கிறது. 1987-இல் மதுரையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் சினிமாப் பாட்டுப் பட்டியலோடு போய் நின்றபோது, கடைக்கார அண்ணன் “60 கேசட்டில் ஒரு பக்கம் காலியாகக் கிடக்குமே, இதைப் போட்டுத் தரட்டுமா?” என்று அந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைப் பதிந்து கொடுத்தார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம், இந்தப் பாட்டு 29 நிமிடம். பாட்டின் பெயர் ஒரு வரி முழுக்க நீளும், அதை எழுத அட்டையில் இடமில்லாமல் ‘சக்தி, பெரிய பாட்டு’ என்று எழுதியிருந்தார். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. கிதாரும் வயலினும் ஒன்றாக ஓடுகிற வேகம் மட்டும்தான் காதில் விழுந்தது, உங்களுக்கு விழுந்த மாதிரியே. அப்புறம் ஒரு நாள் இரவு மின்சாரம் போய், பேட்டரியில் ஓடும் சின்ன டேப்ரிக்கார்டரில் மெதுவான ஒலியில் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிதாருக்கும் வயலினுக்கும் அடியில் மண்ணும் விரலும் மோதுகிற சத்தம் ஒன்று, தொடக்கத்திலிருந்தே நிற்காமல் பேசிக்கொண்டு வருவது கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன், பாட்டு முடிந்துவிட்டது. 29 நிமிடம் போனதே தெரியவில்லை.

அது விக்கு விநாயக்ராமின் கடம்.

இந்த ஆல்பம் எங்கே பதிவானது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ இல்லை. 1975 ஜூலை 5, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி, முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்க வாசித்தது. மெக்லாஃப்லினுக்கு 33 வயது, விக்குவுக்கு 32, வயலின் வாசித்த சங்கருக்கு 25, ஜாகிருக்கு 24. கூட மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன். 1970-களின் தொடக்கத்திலிருந்து மெக்லாஃப்லின் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்ற மின்சாரக் குழுவை வைத்து அரங்கம் அதிர வாசித்துக்கொண்டிருந்தவர், அதற்கும் முன் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவில் இருந்தவர். அந்தப் பெயரையும் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு வசதியாக அதையே தொடர்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படிக்க உட்கார்ந்தார். நீங்கள் கிதார் வாசிக்கிறவர், அதனால் இது உங்களுக்குப் புரியும்: வீணையில் மெட்டுகள், அதாவது ஃப்ரெட்கள், மெழுகின் மேல் உயரமாக நிற்கும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் சுரத்தை அசைக்கிற கமகம் வரும். சாதாரண கிதாரில் விரல் மரத்தில் முட்டி நின்றுவிடும். அதற்காக அவர் கிப்ஸன் கிதாரையே மாற்றிச் செய்யச் சொன்னார். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக, கூடவே ஒலிக்கும் ஏழு அனுதந்திகள் கட்டி. ஒரு கலைஞன் புகழின் உச்சியில் தன் வாத்தியத்தையே இன்னொரு இசையின் இலக்கணத்துக்காகக் குடைந்துகொண்டான் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பான விஷயம். இதை ஃபியூஷன் என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு இசையைக் கலக்குவது வேறு, ஒன்றுக்கு மாணவனாகப் போய் உட்கார்வது வேறு.

ஆனாலும் நான் கிதாரைப் பற்றி எழுத வரவில்லை. ஒரு சாதாரணக் கச்சேரியில் கடம் எங்கே இருக்கும்? பாடகர் நடுவில், பக்கத்தில் வயலின், இந்தப் பக்கம் மிருதங்கம், கடம் கொஞ்சம் தள்ளிப் பின்னால். பெயரே உபபக்கவாத்தியம். இரண்டரை மணி நேரத்தில் அவருக்கென்று கிடைப்பது தனியில் சில நிமிடங்கள். ஒரு சபாவில் நானே பார்த்திருக்கிறேன், கடம் வாசித்த இளைஞர் தன் மைக்கைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி இரண்டு முறை கைகாட்டினார், மூன்றாவது முறை காட்டாமல் தலையைக் குனிந்து வாசித்தார். அரங்கத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

விக்குவும் அந்த இடத்திலிருந்து வந்தவர்தான். 1966-இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். அம்மா பாடியபோது கடம் வாசித்தவர் அவர். சென்னையில் அவருடைய அப்பா ஹரிஹர சர்மா 1958-இல் தாள வாத்தியங்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கி, கடம், கஞ்சிரா, முகர்சிங் எல்லாவற்றையும் முதல் வரிசை வாத்தியமாக நினைத்துச் சொல்லிக்கொடுத்த குடும்பம். சக்தியில் நடந்தது இதுதான்: பின்வரிசை முன்னால் வந்தது. அங்கே பாடகர் இல்லை, நடுநாயகம் என்று யாரும் இல்லை. மானாமதுரை மாதிரி ஊரில் களிமண்ணைப் பிசைந்து சுட்ட பானை ஒன்று, உலகம் தெரிந்த கிதாருக்குச் சமமாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறது, பதில் சொல்கிறது. பானையின் வாயை வயிற்றில் அழுத்தி அடி ஓசையை மாற்றுகிற அந்த ஒரு வித்தைக்கு மட்டும் காதைக் கொடுங்கள், வேகம் உங்களைக் களைப்பாக்காது.

வேகம் ஏன் களைப்பாக்குகிறது? தாளம் கையில் இல்லாமல் கேட்டால் வேகமான இசை சும்மா ஓடுகிற ரயில்தான். தாளம் இருந்தால் ஒவ்வொரு நிலையமும் தெரியும். தபலாவும் கடமும் மாறி மாறி வாசிக்கும்போது சொற்கட்டு எட்டு, நாலு, இரண்டு என்று சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒற்றைத் தட்டாகி, பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்து இடத்தில் வந்து இறங்குவார்கள். கச்சேரியில் தனியில் நடக்கும் குறைப்பும் கோர்வையும் இதேதான். நீங்கள் எழுந்து போனது இதிலிருந்துதான். அதனால்தான் பெரிய பாட்டும் முடியவில்லை. உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, பாதி அரங்கம் எழுந்து போகும்போது புதிதாக வந்தவருக்கு அது இடைவேளை என்றுதான் தோன்றும். வருடக்கணக்காகக் கச்சேரி கேட்கிறவர்கள் அதைச் செய்வதுதான் எனக்குப் பொறுக்காது.

மற்ற ஆல்பங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1976-இல் லண்டனில் பதிந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யிலிருந்து நீங்கள் தொடங்கலாம். முதல் பாட்டே கொன்னக்கோலில் ஆரம்பிக்கும், வாயால் சொல்லுவதைக் கேட்ட பிறகு வாத்தியத்தில் அதே சொல் வரும்போது உடனே பிடிபடும். 1977-இன் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ எனக்குக் குறைவுதான், பாட்டுகள் சின்னதாகிவிட்டன, பேச ஆரம்பிக்கும்போதே எழுந்து கிளம்புகிற விருந்தாளி மாதிரி. ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ மட்டும் அடிக்கடி கேட்பேன். சங்கரின் வயலினைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர், அண்ணன்கள் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும், அந்த வீட்டுக்குள் வயலின் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இருபது வருடம் கழித்து ‘ரிமெம்பர் சக்தி’ என்று மறுபடி கூடினார்கள். உங்கள் கடிதத்தில் இந்தக் காலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எனக்குக் குறையாகத் தெரிகிறது. ஏனென்றால் அங்கேதான் யு. ஸ்ரீநிவாஸ் வருகிறார். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் பதினாலு வயதுப் பையனாக மாண்டலின் வாசித்தவர். மேற்கிலிருந்து வந்த ஒரு சின்னக் கருவியை ஐந்து தந்தியாக்கி, மின்சாரம் கொடுத்து, அதில் கமகத்தைக் குழைத்து எடுத்தார். மெக்லாஃப்லின் கிதாருக்குச் செய்ததை இவர் மாண்டலினுக்குச் செய்திருக்கிறார், இந்தப் பக்கத்திலிருந்து. இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் அந்தக் குழுவின் ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ ஆல்பத்தைப் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன், முடியவில்லை.

சரி, ‘திஸ் மொமென்ட்’. நல்ல ஆல்பம், அதில் சந்தேகமில்லை. 46 வருடம் கழித்து வந்த ஸ்டூடியோ ஆல்பம், 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். விக்குவின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் கணேஷ் ராஜகோபாலனின் வயலினும் அருமை. முதல் பாட்டின் பெயரே ஸ்ரீநிவாஸுக்கு அஞ்சலி, நீங்கள் அது தெரியாமல் கேட்டிருந்தால் மறுபடி கேளுங்கள். ஆனால் முதல் ஆல்பத்தைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பதிந்து சேர்த்தது அது. நீங்கள் சொல்லும் சுத்தமான ஒலி அதனால்தான். லாங் ஐலண்ட் பதிவில் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் அந்த நொடியே தன் சொல்லை மாற்றிக்கொள்வது இருக்கிறதே, அதைத் தூரத்திலிருந்து எப்படிப் பதிவது? ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ‘கிரிராஜ சுதா’ என்ற பாட்டு 2001-இல் வந்த பாம்பே ஆல்பத்திலும் இருக்கிறது, 2023-இன் ‘திஸ் மொமென்ட்’டிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் உள்ளது மேடையில் பதிந்தது. எதில் உங்கள் உடம்பு தானாக அசைகிறது என்று பாருங்கள்.

மோந்த்ரோவுக்குப் போங்கள், ஆசையை விடாதீர்கள். சக்தி 1976-இல் அங்கே வாசித்த காணொளி இருக்கிறது, நால்வரும் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை அதில் பார்க்கலாம். ஆனால் லட்சக்கணக்கில் செலவு செய்வதற்கு முன் இந்த டிசம்பரில் கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் டிக்கெட் போடுங்கள். மாலை நட்சத்திரக் கச்சேரிகளுக்கு அலைய வேண்டாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணமே இல்லை, அங்கே வாசிக்கிற இளைஞர்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள், கேட்க ஆள் இருக்காது. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் உங்கள் இடது கைப் பக்கம், முன்வரிசையில் இடம் பிடியுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை, வலது கை வாசிக்கும் பக்கம், நம்மைப் பார்த்திருக்கும், மைக் எப்படி இருந்தாலும் வாத்தியத்தின் ஓசை நேராகவே வந்து சேரும். கடம் இருக்கிற கச்சேரியாகப் பார்த்துப் போங்கள். பாடகர் தனியை விட்டதும் எழுந்து போகிறவர்களைப் பார்க்காதீர்கள், கடம் வாசிக்கிறவரின் விரலைப் பாருங்கள்.

அப்பா விஷயம். கச்சேரியும் இல்லை, ஜாஸும் இல்லை என்று அவர் சொன்னது தப்பு இல்லை, அது உண்மைதான். அவரிடம் ஆல்பம், குழு, கிராமி என்றெல்லாம் சொல்லாமல், தியாகையரின் பங்காள ராகக் கீர்த்தனை ஒன்று இருக்கிறது, கேட்கிறீர்களா என்று அந்தக் ‘கிரிராஜ சுதா’வை மட்டும் போட்டு, தாளம் போடச் சொல்லுங்கள். நீங்களும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே கூடப் போடுங்கள். ஒரு வாரம் அப்படிச் செய்துவிட்டு நாலாவது முறையாகப் பெரிய பாட்டுக்குப் போங்கள், ஒலியைக் குறைத்து வைத்து. எத்தனை நிமிடம் வரை போக முடிந்தது என்று எழுதுங்கள், எங்கே நின்றீர்கள் என்பதையும் சேர்த்து. அந்த இடத்தை நானும் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்.