பெரிய ஆடிட் நிறுவன நேர்காணல்: குலசேகரத்துத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா,

மகளுக்கு நேர்காணல் அழைப்பு வந்த மகிழ்ச்சியைவிட, ஏற்கெனவே போய் வந்தவர்கள் சொன்ன கதைகள்தான் உங்கள் கடிதத்தில் அதிகம் இருக்கின்றன. ஒருவரிடம் கணக்கியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்னொருவரைப் பேரேட்டுப் பதிவிலேயே வாட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்களிலும் தணிக்கை, வரி, ஆலோசனை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இந்திய நிறுவனங்களின் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்திடுவோர் சி.ஏ. முடித்தவர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வேலையைச் செய்துகொடுக்கும் மையங்கள் வேறு, பி.காம். பட்டதாரிகளைப் பெருமளவில் எடுப்பவை இவைதான். ஆகவே பிறர் கதையைக் கேட்பதற்கு முன், அழைப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவு, என்ன பதவி என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இணையவழித் தேர்வு, பிறகு பாடம் சார்ந்த நேர்காணல், கடைசியில் மனிதவளத் துறை என்பது வழக்கமான வரிசை. சில இடங்களில் குழு விவாதமும் இருக்கும். முதலும் கடைசியும் பயிற்சியில் கைவந்துவிடும். நடுவில் இருப்பதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. “தேய்மானம் பத்தாயிரம் ரூபாய் கூடினால் என்ன மாறும்?” என்று கேட்டால், சூத்திரம் மனப்பாடமாக வருகிறது. தேய்மானம் என்பது சொத்து பழசாவதற்காக ஆண்டுதோறும் எழுதும் செலவு. லாபம் குறையும், சொத்தின் ஏட்டு மதிப்பு குறையும், ஆனால் அதற்காகக் கையிலிருந்து காசு போகாது என்ற விளக்கம் வருவதில்லை. அந்த விளக்கத்தை எளிய ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் ரப்பர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ரப்பர் மரம் ஆண்டாண்டாகப் பால் தருவது. அதனால் பெரிய தோட்ட நிறுவனம் அதை இந்தியக் கணக்கியல் தரநிலை 16இன்படி, இயந்திரத்தைப் போலவே நிலைச் சொத்தாகக் காட்டித் தேய்மானம் போடும். வெட்டியெடுத்த பாலுக்குத் தரநிலை 41. அறுவடை நேரத்துச் சந்தை மதிப்பில் விற்பனைச் செலவைக் கழித்து எழுத வேண்டும். அதுவே உறைந்து ரப்பர் ஷீட்டாகிக் கிடங்குக்குப் போனபின், சரக்கிருப்புக்கான தரநிலை 2க்குள் வந்துவிடும். ஒரே மரத்தடியில் மூன்று விதிகள்! “சரக்கிருப்பை எப்படிச் சரிபார்ப்பாய்?” என்று கேட்டால், ஈரம் காயாத ஷீட் எடை கூட்டிக் காட்டும், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலையும் ஷீட்டையும் ஒரே விலையில் கணக்கிடக் கூடாது, மார்ச் 31க்குள் விற்று, உரிமை வாங்கியவருக்கு மாறியும் ஏற்றிப்போகாத சரக்கை இருப்பில் சேர்க்கக் கூடாது என்று அவள் சொல்லட்டும். தணிக்கையாளர் தேடுவது இந்தச் சந்தேகக் கண்ணைத்தான். ஆனால் தரநிலை எண்களை யாரும் கேட்காமல் தானாக ஒப்பிக்க வேண்டாம். அடுத்த கேள்வி அங்கிருந்தே ஆழமாகக் கிளம்பும்.

தோவாளையில் பூக்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையானாலும் இதையே சொல்வேன். மாலைக்குள் விலை சரியும் சரக்கை எந்த மதிப்பில் எழுதுவது என்பது அங்கே தினசரிக் கேள்வி.

இரவுப் பணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான தணிக்கை வேலை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நெருக்கடி இருக்கும். பணி நேரமும் மாறலாம். கடைசிச் சுற்றில் மகளே இதைக் கேட்கலாம். கேட்பதால் வாய்ப்பு போய்விடாது. இஒய்யின் மையம் ஒன்று திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கிறது. ஆனால் அழைத்த நிறுவனம் எந்த ஊருக்கு அனுப்பும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும். வேலை உறுதி என்று சொல்லிப் பதிவுக் கட்டணமோ லேப்டாப்புக்கு முன்பணமோ யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்த நிறுவனங்கள் வேலை தரப் பணம் வாங்குவதில்லை. மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் சொந்த முகவரிதானா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.