சத்தம் கூட்டினால் கார் ஆம்ப்ளிஃபையர் நின்று நின்று வருவது ஏன்?

பேஸ் அடிக்கும்போது மட்டும் நின்று, தானாகத் திரும்பினால் முதல் சந்தேகம் எர்த் வயர் மேல்தான். இன்ஜின் ஓட, பாட்டு சத்தமாக இருக்கும்போதே, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்பின் கிரவுண்ட் (எர்த்) இணைப்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் வயர் சேரும் இடத்தில் கார் பாடியின் பெயிண்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள். எர்த்துக்காக சீட் பெல்ட் போல்ட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

எர்த் நன்றாக இருந்தால், ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும், அது இயல்பு. இரண்டு 4 ஓம் சப்வூஃபரைப் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) பல ஆம்ப்கள் அதைத் தாங்காமல் புரொடெக்‌ஷனுக்கு, அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக நிற்கும் நிலைக்கு, போகும். அரை மணி ஓடிய பிறகே நிற்கிறதா? சூடுதான், ஆம்பில் உள்ள கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்து, காற்றோட்டம் கொடுங்கள்.