ஒன்பதரை மணி கான்கால்

அன்புள்ள சார்,

ஒரு தனியார் வங்கிக் கிளையில் உதவி மேலாளராக இருக்கிறேன். டார்கெட்டை எப்படியும் முடித்துவிடுவேன். ஆனால் இந்த வருட அப்ரைசலில் 'உணர்வு நுண்ணறிவு (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) போதாது' என்று எழுதிவிட்டார்கள். சட்டென்று கோபம் வரும், உண்மைதான். தினமும் ஒன்பதரைக்கு எல்லாக் கிளைகளையும் ஒரே ஃபோன் இணைப்பில் கூட்டும் மண்டல அலுவலகத்தின் கான்கால், அது முடிந்ததும் யாராவது மாட்டுவார்கள். போன வாரம் நகைக்கடன் ஃபைலில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கு, ஒரு பெண்ணை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். அப்புறம் கேபினுக்குக் கூப்பிட்டு ஸாரி சொன்னேன். வெற்றியில் 80 சதவீதம் இந்த நுண்ணறிவுதான் என்கிறார்கள் பயிற்சியில். வளர்த்துக்கொள்ள முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். முதலில் அந்த 80 சதவீதத்தை ஓரமாக வையுங்கள். 1995-ல் அமெரிக்க உளவியல் எழுத்தாளர் டேனியல் கோல்மன் உணர்வு நுண்ணறிவு பற்றிய தன் புத்தகத்தில், வாழ்க்கை வெற்றியில் ஐக்யூவின் பங்கு சுமார் 20 சதவீதம் என்று எழுத, மிச்சம் மொத்தமும் இதுதான் என்று படித்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். பிறந்த குடும்பம், அதிர்ஷ்டம் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் இருக்கிறது. கோல்மனே பிற்பாடு மறுத்தும், பயிற்சி நடத்துகிறவர்கள் காதில் இன்னும் விழவில்லை.

அவருக்கு முன்பே, 1990-ல், இதைப் பற்றிக் கட்டுரை எழுதிய உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் பின்னர் இதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். தன்னிடமும் பிறரிடமும் உள்ள உணர்ச்சியைக் கண்டுகொள்வது முதலில் வருகிறது, அதைக் கையாள்வது கடைசியில். நம் அலுவலகங்களில் நேரே கடைசிக்குத் தாவி, 'கோபத்தை அடக்கு' என்கிறார்கள்.

உங்கள் கான்காலையே எடுத்துக்கொள்வோம். இருபது கிளைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்க, மேலே இருப்பவர் உங்கள் எண்ணிக்கையைப் படித்துக் காட்டி நாலு வார்த்தை கேட்கிறார். அப்போது உங்களுக்கு வருவது கோபமாக இருக்காது என்று நினைக்கிறேன். அவமானம், கூடவே கொஞ்சம் வேலை பயம். பதில் பேச முடியாத இடம் என்பதால் வாயை மூடிக்கொள்கிறீர்கள், பத்து மணிக்கு ஒரு விட்டுப்போன கையெழுத்து கண்ணில் பட்டதும் அது கோபமாக வெளியே வருகிறது. அந்தப் பெண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கால் முடிந்ததும் எந்த ஃபைலையும் தொடாமல், 'மானம் போச்சு', 'இந்த மாசம் தேறாது' என்று உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், பரவாயில்லை. உளவியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், படத்திலிருந்த முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. எழுதிய அன்றே நீங்கள் சாந்தமாகிவிடுவீர்கள் என்று சொல்லமாட்டேன். யார் மேல் என்ன என்பதாவது தெளிவாகும்.

ஒன்று, கான்காலில் தினமும் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார்கள் என்றால் அது உங்கள் நுண்ணறிவுக் குறை அல்ல. அதையும் சிரித்துக்கொண்டே விழுங்கப் பழகுவதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அப்புறம் அந்த ஸாரி. திட்டியது ஹாலில், மன்னிப்பு கேபினில், கதவைச் சாத்திக்கொண்டு. வாடிக்கையாளர்களைத் திரும்பக் கூட்ட முடியாது, ஆனால் அன்று பக்கத்து கவுண்டர்களில் இருந்தவர்கள் இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லிவிடுங்கள்.