வாசகர் கேள்வி – பதில்: நகராட்சி இல்லாத அமெரிக்க ஊர்கள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், விர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்ன் என்ற ஊரில் குடியிருக்கிறாள். நான் அங்கே போயிருந்தபோது நகராட்சி அலுவலகம் எங்கே என்று கேட்டேன். ‘இங்கே நகராட்சியே கிடையாதம்மா, இது அன்இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி’ என்றாள். ஆனால் அந்நாட்டு அரசின் கணக்கில் ஆஷ்பர்னின் மக்கள்தொகை 46,349 என்று துல்லியமாக இருக்கிறது. நகராட்சியே இல்லாத ஊருக்கு எல்லை ஏது? எல்லை இல்லாமல் தலையை எப்படி எண்ணினார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் மகள் சொன்னதும் சரி, கணக்கு சொல்வதும் சரி. ஆளுவதற்கான எல்லை வேறு, எண்ணுவதற்கான எல்லை வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் ஓர் ஊர் நகராட்சியாவதற்கு, அந்த மாநிலத்தின் சட்டப்படி அது தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்துகொண்ட ஊருக்கு மேயர், மன்றம், வரி விதிக்கும் உரிமை, சட்டம் அங்கீகரித்த எல்லை எல்லாம் உண்டு. பதிவு செய்துகொள்ளாத ஊருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அங்கே ஆட்சி என்பது கவுண்டியின் ஆட்சிதான். நம் மாவட்டத்தைப் போன்றது என்று கவுண்டியைச் சொல்லலாம், ஆனால் நம் மாவட்டத்தை நடத்துபவர் அரசு நியமித்த ஆட்சியர், அங்கே கவுண்டியை நடத்துவது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு. ஆஷ்பர்ன் இருப்பது லவுடன் கவுண்டியில். உங்கள் பேரப்பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி கவுண்டியினுடையது, காவல் பொறுப்பு கவுண்டியின் ஷெரிஃபுடையது, குடிநீரும் கழிவுநீரும் தனி ஆணையத்தின் வேலை. விர்ஜீனியாவில் இரண்டு கவுண்டிகள் நீங்கலாக மற்றவற்றின் பொதுச்சாலைகளை மாநிலப் போக்குவரத்துத் துறையே பராமரிக்கிறது என்பதால் சாலை குண்டும் குழியுமானாலும் புகார் கவுண்டிக்குப் போகாது. குடியிருப்புக்குள் இருக்கும் பூங்கா, நீச்சல்குளம் போன்றவற்றை வீட்டு உரிமையாளர் சங்கம் மாதச் சந்தா வாங்கி நடத்துகிறது. ஆக, நகராட்சி செய்யும் வேலைகள் எல்லாம் அங்கே நடக்கின்றன, ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி எல்லைக்கு வருவோம். கணக்கெடுப்புத் துறைக்கு ஒரு சங்கடம் இருந்தது. பதிவுபெற்ற ஊர்களை மட்டும் பெயர் சொல்லிக் கணக்கிட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் ‘கவுண்டியின் எஞ்சிய பகுதி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், பல்லாயிரம் பேர் நெருங்கி வாழும் ஊர்கள் புள்ளிவிவரத்தில் காணாமல் போய்விடும். எனவே 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பதிவுபெறாத ஊர்களிலும் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்பவற்றுக்குத் துறையே எல்லை வரைந்து, பெயரோடு வெளியிட்டது. 1980 முதல் அவற்றுக்குச் ‘சென்சஸ் டெசிக்னேட்டட் பிளேஸ்’, சுருக்கமாகச் சி.டி.பி., என்று பெயர். கணக்கெடுப்புக்கென்று வரையறுக்கப்பட்ட இடம் என்பது பொருள். 2000ஆம் ஆண்டில் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

இந்த எல்லைக்கோட்டை வரைபவர்கள் வாஷிங்டன் அதிகாரிகள் மட்டும் அல்லர். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன்பு உள்ளூர் அலுவலர்களையும், பழங்குடி அரசுகளையும், திட்டமிடும் அமைப்புகளையும் கேட்டுத்தான் திருத்துகிறார்கள். அங்கே வாழ்பவர்கள் அன்றாடப் பேச்சில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், வீடுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், பதிவுபெற்ற நகரத்தின் எல்லைக்குள் அது புகக் கூடாது, மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள். கோடு கூடியவரை சாலை, ஆறு, இருப்புப்பாதை போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை ஒட்டிப் போகும். அந்தக் கோட்டுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. அதற்குள் குடியிருப்பதால் ஒருவருக்கு வரி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. உங்கள் மகள் அதைக் கடந்து தினமும் வேலைக்குப் போய் வந்தாலும் அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

கேள்வி: லாஸ் வேகாஸ் நகரின் புகழ்பெற்ற சூதாட்ட விடுதிகள் உண்மையில் லாஸ் வேகாஸில் இல்லை என்கிறார் நண்பர். கேலி செய்கிறாரா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கேலி இல்லை. ‘ஸ்ட்ரிப்’ என்று சொல்லப்படும் அந்தச் சாலையின் பெரும்பகுதி பாரடைஸ் என்ற இடத்தில் இருக்கிறது. விமான நிலையமும், லாஸ் வேகாஸ் என்ற பெயரைத் தாங்கிய நெவாடா பல்கலைக்கழக வளாகமும், ‘வருக’ என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற பெயர்ப்பலகையும்கூட அங்கேதான். 1950இல் லாஸ் வேகாஸ் நகராட்சி அந்தச் சாலையைத் தன்னோடு இணைத்து வரி வசூலிக்கப் பார்த்தது. விடுதி முதலாளிகள் முந்திக்கொண்டு கிளார்க் கவுண்டியிடம் சென்று, அந்தப் பகுதியைத் தனி டவுனாக அறிவிக்கச் செய்தார்கள். அதன் பிறகு, பெயரளவில் டவுன், ஆனால் மேயர் கிடையாது, ஆள்வது கவுண்டி ஆணையர்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,91,238 பேர். பதிவு செய்யாமல் இருப்பது ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. சில இடங்களில் அது நன்கு கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

அஞ்சல் முகவரியில் மட்டும் ‘லாஸ் வேகாஸ்’ என்றே இருக்கும். அமெரிக்க அஞ்சல் துறை 1963இல் கொண்டுவந்த ஜிப் கோடு தபால் பட்டுவாடாவுக்காக ஏற்பட்டது. நகராட்சி எல்லையோ கணக்கெடுப்பு எல்லையோ அதைக் கட்டுப்படுத்தாது. லாஸ்பேட்டையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. உங்கள் வீடு புதுச்சேரி நகராட்சியில் இல்லை, உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. 2011 கணக்கின்படி உழவர்கரையில் 3,00,104 பேர், புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். இருந்தாலும் வெளியூர்க்காரரிடம் நீங்கள் ‘பாண்டிச்சேரி’ என்றுதான் சொல்வீர்கள். வேறுபாடு என்னவென்றால் உழவர்கரைக்குச் சொந்த நகராட்சி உண்டு, பாரடைஸுக்கு அதுவும் இல்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகள் வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். எங்கள் கணக்கில் ஒரு கிராமம் என்றால் சர்வே எண், அடங்கல், வரைபடம் எல்லாம் இருக்கும். எந்தப் பதிவும் இல்லாத இடத்தை ஊர் என்று எப்படி ஏற்பது? அப்படிப்பட்ட ஊர் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும்?
– குறிஞ்சிப்பாடி வாசகர்

பதில்: உங்கள் தொழில் உங்களைக் கேட்க வைத்த கேள்வி இது. நம் நாட்டில் காடு, மலை நீங்கலாக ஒவ்வொரு அங்குலமும் ஏதாவது ஒரு வருவாய் கிராமத்துக்குள் அடங்கிவிடும். நிலவரி வாங்குவதற்காக ஆட்சி நாடு முழுவதையும் அளந்து வைத்திருப்பதால் வந்த வழக்கம் அது. அமெரிக்காவிலும் நிலத்துக்கு அளவையும் பத்திரமும் உண்டு, ஆனால் அவை கவுண்டி அலுவலகத்தில் இருக்கும். ஊர் என்பது நிலப்பதிவின் அலகு அன்று. நாலு சாலை கூடும் இடம், ஒரு தேவாலயம், தானியக் கிடங்கு, முன்பு ரயில் நின்ற இடம், இவற்றைச் சுற்றிச் சில வீடுகள் சேர்ந்தால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். அந்தப் பெயரை நெடுங்காலம் நிலைநிறுத்தியது பெரும்பாலும் அங்கே இருந்த சிறு அஞ்சலகம். 1896இல் கிராமப்புற வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை தொடங்கியதும், அத்தகைய அஞ்சலகங்கள் ஏராளமாக மூடப்பட்டன. அஞ்சலகம் போனாலும் பல பெயர்கள் வரைபடத்தில் தங்கிவிட்டன. 1890இல் ஏற்பட்ட இடப்பெயர் வாரியத்தின் பதிவேட்டில் இத்தகைய பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பதிவேடு ஊரை ஒரு புள்ளியாகக் குறிக்கும், எல்லை வரையாது. கணக்கெடுப்புத் துறை எல்லை வரைந்து சி.டி.பி. ஆக்கினால்தான் அந்தப் பெயருக்கு மக்கள்தொகை என்று ஓர் எண் கிடைக்கும்.

எவ்வளவு சிறியது என்று கேட்டீர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் கவுண்டி என்று ஒன்று. 2020இல் அந்தக் கவுண்டி முழுவதற்கும் சேர்த்தே 64 பேர். அதன் தலைமையிடம் மென்டோன். நீதிமன்றக் கட்டடம் அங்கே இருக்கிறது, ஆனால் ஊர் பதிவுபெறாதது. 2010 கணக்கில் அந்தச் சி.டி.பி.யில் இருந்தவர்கள் 19 பேர். மாவட்டத் தலைநகரில் நகராட்சி இல்லை, பேரூராட்சி இல்லை, ஊராட்சிகூட இல்லை என்று கற்பனை செய்துபாருங்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தின் மொனோவி, சட்டப்படி பதிவுபெற்ற கிராமம். 2010இல் அங்கே வாழ்ந்தவர் ஒரே ஒரு மூதாட்டி. மேயரும் அவரே, எழுத்தரும் அவரே, நூலகரும் அவரே. 2020 கணக்கெடுப்பு அந்த ஊருக்கு இரண்டு பேர் என்று வெளியிட்டது, ஆனால் புதிதாக யாரும் குடிவரவில்லை. தனிமனிதர்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிறு இடங்களின் எண்களை வேண்டுமென்றே சற்றுக் கூட்டிக் குறைத்து வெளியிடும் முறையை அந்த ஆண்டு கையாண்டார்கள். ஆகவே மிகச் சிறிய ஊரின் எண்ணைப் படிக்கும்போது அதைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் வரும் மதிப்பீடுகள் இன்னும் தளர்வானவை. அவை ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளை மாதிரியாக எடுத்துக் கேட்டு வருபவை. இருபது வீடுள்ள ஊரில் எத்தனை வீட்டைக் கேட்டிருப்பார்கள்?

உங்கள் துறையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரகக் கணக்கெடுப்பின் அலகு வருவாய் கிராமம். அதற்குள் தனிப் பெயர், தனிக் கோவில், தனித் திருவிழா, தனிப் பேருந்து நிறுத்தம் எல்லாம் வைத்துக்கொண்டிருக்கும் குக்கிராமங்களின் மக்கள்தொகை தாய்க் கிராமத்தின் எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. அமெரிக்காவில் பதிவு இல்லாத ஊருக்கு எண் கிடைக்கிறது. நம்மிடம் பதிவுகள் மலைபோல் இருந்தும் பல குக்கிராமங்களுக்கு எண் கிடைப்பதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்ற சொல் கூடி முடிவெடுக்கும் அவையையே குறித்தது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ‘ஊரோம்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, அவை இல்லாத ஊர் என்பது புரிந்திருக்காது.

கேள்வி: நியூ ஜெர்சியில் தமிழர்கள் நிறைய வாழும் ஐஸ்லின் நகராட்சியா, இல்லையா?
– நெய்வேலி வாசகர்

பதில்: இல்லை. ஐஸ்லின் ஒரு சி.டி.பி., வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்புக்குள் அடங்கியது. அந்த டவுன்ஷிப்புக்கு மேயரும் மன்றமும் உண்டு. நியூ ஜெர்சியில் ஏதாவது ஓர் உள்ளாட்சிக்குள் அடங்காத நிலமே கிடையாது, எனவே ‘பதிவுபெறாத ஊர்’ என்ற சொல்லுக்கு அங்கே பொருள் சற்று வேறு.

கேள்வி: நம் நாட்டிலும் ‘சென்சஸ் டவுன்’ என்று ஒன்று உண்டாமே? அதுவும் இதுவும் ஒன்றுதானா? எங்கள் ஊர் அப்படி ஆனால் நகராட்சி ஆகிவிடுமா?
– பாகூர் வாசகர்

பதில்: பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது, அளவுகோல் வேறு. அமெரிக்கர்கள் கேட்பது, இங்கே மக்கள் சேர்ந்து வாழ்கிறார்களா, இதற்குப் பெயர் உண்டா என்பவைதான். நாம் கேட்பது பிழைப்பைப் பற்றி. மக்கள்தொகை குறைந்தது 5,000 இருக்க வேண்டும், ஆண்களில் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருங்கி வாழ வேண்டும். மூன்றும் பொருந்தினால், சட்டப்படி கிராமமாக இருக்கும் இடத்தையும் கணக்கெடுப்பு நகரம் என்று எழுதிவிடும். இந்த அளவுகோலில் பெண்களின் வேலை கணக்கில் வராதது எனக்கு என்றுமே உறுத்தும் விஷயம். நாற்று நடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் ஊரில், ஆண்கள் கட்டட வேலைக்குப் போய்விட்டால் ஊர் ‘நகரம்’ ஆகிவிட வாய்ப்பு உண்டு.

2001இல் நாடு முழுவதும் இப்படி 1,362 இடங்கள் இருந்தன. 2011இல் அது 3,894 ஆயிற்று. அவ்வளவு ஊர்களும் திடீரென்று பெருத்துவிட்டன என்பதைவிட, வேலை மாறியது, ஆனால் உள்ளாட்சியின் தகுதியை மாநிலங்கள் மாற்றவில்லை என்று சொல்வதே பொருத்தம்.

நகராட்சி ஆகிவிடுமா என்ற உங்கள் கேள்விக்கு, தானாக ஆகாது என்பதே பதில். ஓர் இடத்தைச் சட்டப்படி நகரமாக்குவது அரசின் அறிவிக்கை. அது வரும்வரை உங்கள் ஊர், புதுச்சேரியின் கிராமப்புற உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்தின் கீழேயே இருக்கும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் மக்கள் எதிர்ப்பதற்கு, வரி கூடும் என்ற அச்சமும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற கவலையும் காரணம். கணக்கெடுப்பு நகரமாக மட்டும் இருப்பதில் அந்தக் கவலை இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத வாழ்க்கையைப் பற்றி அமெரிக்காவைப் பார்த்து வியக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு நினைவூட்டல்: நம் ஒன்றியப் பிரதேசத்தில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான், அந்த மன்றங்களின் காலமும் 2011இல் முடிந்துவிட்டது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. எந்தெந்த ஊர்கள் கணக்கெடுப்பு நகரமாகும் என்பதை எண்ணி முடித்த பிறகு தீர்மானிப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். களப்பணி தொடங்கும் முன்பே பழைய கணக்கை வைத்து முடிவு செய்துவிடுவார்கள். 2011க்கான பட்டியலை, 2001இல் 4,000 பேருக்குக் குறையாமல் இருந்த கிராமங்களிலிருந்து, பத்தாண்டில் அவை 5,000ஐ எட்டிவிடும் என்ற கணிப்பில் எடுத்தார்கள். ஆகவே பாகூரைச் சுற்றி இந்தப் பதினைந்து ஆண்டுகளில் எழும்பிய மனைப்பிரிவுகளைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். 2011 கணக்கெடுப்பின் கிராமவாரிப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. அதில் உங்கள் வருவாய் கிராமத்தின் பெயருக்கு எதிரே, மொத்த மக்கள்தொகையையும் ஆண்களின் தொழில் பிரிவையும் பாருங்கள்.