நாய்க்குட்டியின் வளைந்த காலுக்குக் கால்சியம் சிரப் தீர்வாகுமா?

கோவில்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: "35 நாள் குட்டியாக வாங்கிய லேப்ரடாருக்கு இப்போது 65 நாள். முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டில் வளைந்து, பாதங்கள் தரையில் பரவிக் கிடக்கின்றன. துறுதுறுவென்றுதான் இருக்கிறது. சோறும் கோழி ஈரலும் தருகிறோம். விற்றவரோ ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி, கால்சியம் போன்றவை குறைந்து எலும்பு மென்மையாகும் நோய்) என்று சொல்லி, கால்சியம் சிரப் கொடுத்து வெயிலில் கட்டச் சொல்கிறார்."

சிரப்பை நிறுத்துங்கள். இரு கால்களும் ஒரேபோல் தளர்ந்து, தொட்டால் வலியில்லாமல் குட்டி விளையாடுகிறது என்றால், அது பெரும்பாலும் எலும்பு நோயன்று. உடல் எடை கூடும் வேகத்திற்குத் தசைநார்கள் ஈடுகொடுக்காத தளர்ச்சியே. வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கோ தேங்காய்நார் விரிப்போ போட்டு, நகத்தை வெட்டி, உணவைச் சீர்செய்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலான குட்டிகள் நிமிர்ந்துவிடும்.

ஈரலில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். அதற்காகச் சிரப்பைக் கண்ணளவில் ஊற்றினால் மறுபக்கம் கெடும்; ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டியின் குடல், மிகுதியான கால்சியத்தை வேண்டாமென்று ஒதுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்வதால் எலும்பு வளர்ச்சியே கோணலாகலாம். பெரிய இனக் குட்டிகளுக்கான முழுமையான உணவுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். அதற்குமேல் சிரப் தேவையில்லை. வெயில் வைத்தியமும் வீண். மனிதத் தோலைப் போல நாயின் தோல் போதிய வைட்டமின் டி-யை உருவாக்குவதில்லை; அது உணவிலிருந்துதான் வர வேண்டும்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்களுக்கு விற்கப்பட்டதோ ஐந்து வாரக் குட்டி. விதியை மீறியவரே மருத்துவமும் சொல்கிறார், கேட்பாரில்லை.

ஒரேயொரு கால் மட்டும் வளைந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். கட்டிலிலிருந்து குதித்த சிறு அடியிலேயே, முன்னங்காலின் இரட்டை எலும்புகளில் ஒன்றின் மணிக்கட்டுப் பக்க வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளக் காரணமான குருத்தெலும்புப் பகுதி) நசுங்கிவிடக்கூடும். அது வளராமல் நின்றுவிட, மற்றது வளர்ந்துகொண்டே போவதால், நாண் கட்டிய வில்லைப் போலக் கால் வளையும். தப்பை கட்டுவதால் இது நிமிராது. வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே அறுவைச் சிகிச்சை செய்தால்தான் பலன். அரசு கால்நடை மருந்தகங்கள் பலவற்றில் எக்ஸ்ரே கருவியே இல்லை என்பதை எத்தனை ஆண்டுகள்தான் எழுதுவது! நீங்கள் அலையாமல் நேராகத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போய், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கால்களையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.