'டேஸ்' என்றால் வெறும் ஷாக் கொடுப்பது இல்லை

அமெரிக்க போலீஸ் வீடியோக்களில் "ஐ வில் டேஸ் யூ" என்று கத்துகிறார்களே, அந்த வினைச்சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி. டேஸர் என்ற மின்கருவியால் ஒருவரைச் சுட்டு அசையவிடாமல் செய்வதுதான் டேஸ். சுட்டு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். விசையை அழுத்தினால் கொக்கி முனையுள்ள இரண்டு சிறு ஊசிகள் மெல்லிய கம்பிகளை இழுத்துக்கொண்டு பாய்ந்து போய், சட்டையிலோ தோலிலோ குத்தி நிற்கும். அந்தக் கம்பி வழியாக ஒருமுறைக்குச் சாதாரணமாக 5 விநாடி மின்துடிப்பு போகும். இரண்டு ஊசிக்கும் இடையே தூரம் அதிகமாக இருந்தால் நடுவில் உள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து இறுகிவிடும், ஆள் வெட்டிய மரம் மாதிரி அப்படியே சாய்வார், கையை ஊன்றிக்கொள்ளக்கூட முடியாது.

சொல்லின் கதை இதைவிடச் சுவாரசியம். ஜாக் கவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களின் கடைசியில் இந்தக் கருவியில் வேலையைத் தொடங்கி 1970களின் நடுவில் முடித்தார். சிறுவயதில் அவருக்குப் பிடித்த டாம் ஸ்விஃப்ட் என்ற சிறுவர் நாவல் வரிசையில் 1911இல் வந்த ஒரு புத்தகத்தில், நாயகன் மின்சாரத் துப்பாக்கி ஒன்றைச் செய்துகொண்டு ஆப்பிரிக்காவுக்கு யானை வேட்டைக்குப் போவான். 'டாம் ஸ்விஃப்டின் மின்சாரத் துப்பாக்கி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளை எடுத்து, வாயில் நுழைவதற்காக நடுவில் ஒரு 'ஏ' சேர்த்ததுதான் டேஸர். லேசர் என்ற சொல் அப்போது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் காதுக்கும் பழகியதாகிவிட்டது.

அப்புறம் மக்கள் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டேஸர் ஒரு பெயர், அதுவும் வணிகப் பெயர். ஆனால் கடைசியில் 'அர்' என்று ஒலித்ததும், ஓட்டுபவர் டிரைவர் என்றால் ஓட்டுவது டிரைவ் என்பது போல, டேஸர் செய்வது டேஸ் என்று ஆங்கிலம் பேசுபவர்கள் வாலை வெட்டி ஒரு வினையை உண்டாக்கிவிட்டார்கள். எடிட்டரில் இருந்து எடிட் வந்ததும் இதே வழியில்தான்.

2007 செப்டம்பரில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் செனட்டர் ஜான் கெர்ரி கூட்டத்தில் கேள்வி கேட்ட மாணவரை போலீஸார் இழுத்துப் பிடித்தபோது அவர் "டோன்ட் டேஸ் மீ, ப்ரோ" என்று கத்தியது வீடியோவாகி உலகமெல்லாம் பரவியது. சொல் அதற்கு முன்பே இருந்தது, ஆனால் வீட்டுக்கு வீடு போனது அதனால்தான். அடுத்த மாதமே கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில், போலந்திலிருந்து வந்திறங்கிய ராபர்ட் ஜெகான்ஸ்கி என்பவரை போலீஸார் பலமுறை டேஸ் செய்த பிறகு அவர் அங்கேயே இறந்துபோனார். இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சொல்லை வேடிக்கையாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆங்கிலத்தில் டேஸ் என்பதை எஸ் போட்டும் எழுதுவார்கள், இசட் போட்டும் எழுதுவார்கள். 'டேஸர்' என்பதையே வினையாகவும் எழுதுகிறார்கள், அதுவும் சரிதான்.